பண்டோராவில் திணறிய ஆண்ட்ராய்டு, ஸ்விட்சில் ஓடியது எப்படி?

ஆண்ட்ராய்டுக்கென்று செய்யப்படாத கையடக்க விளையாட்டுக் கருவிகள் இரண்டு. ஒன்று, 2010-இல் வந்த ஓப்பன் பண்டோரா. மற்றது, 2017-இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச். முன்னது ‘என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்’ என்று உரிமையாளரிடமே ஒப்படைக்கப்பட்ட கருவி. பின்னதில் நின்டெண்டோ கையொப்பமிடாத ஒரு வரி நிரல்கூட ஓடக் கூடாது என்பது சட்டம். இரண்டிலும் ஆர்வலர்கள் ஆண்ட்ராய்டைப் போர்ட் செய்யப் புறப்பட்டார்கள். எதில் எளிதாக முடிந்திருக்கும் என்று கேட்டால் எவரும் பண்டோராவைத்தான் சொல்வார்கள். நடந்தது நேர்மாறு. பண்டோராவின் ஆண்ட்ராய்டு சோதனை முயற்சி என்ற நிலையைத் தாண்டவே இல்லை. ஸ்விட்சோ இன்று லினியேஜ் ஓஎஸ் என்ற திறமூல ஆண்ட்ராய்டு வடிவத்தின் அதிகாரபூர்வக் கருவிப் பட்டியலில் இருக்கிறது.

பண்டோராவைப் பெற்றெடுத்தவர்கள் பெருநிறுவனத்தார் அல்லர். ஜிபி32, ஜிபி2எக்ஸ் என்ற கொரியக் கருவிகளை விற்றவர்களும் அவற்றில் விளையாடியவர்களும் சேர்ந்து, தங்களுக்குப் பிடித்த மாதிரி ஒன்றைத் தாங்களே செய்துகொண்டார்கள். 2008 செப்டம்பரில் முன்பணம் வாங்கினார்கள். முதல் தொகுதி 4,000 கருவிகள். கைக்கு வரத் தொடங்கியது 2010 மே மாதத்தில்தான். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஓமேப் 3530 சிப், 600 மெகாஹெர்ட்ஸ் வேகம், 256 எம்பி நினைவகம், 800க்கு 480 புள்ளிகள் கொண்ட தொடுதிரை, இரண்டு எஸ்டி அட்டைத் துளைகள், இரண்டு அனலாக் குமிழ்கள், போதாக்குறைக்கு ஒரு முழு விசைப்பலகை. உள்ளே ஆங்ஸ்ட்ராம் லினக்ஸ்.

இதில் வேறு இயங்குதளத்தை ஏற்றிப் பார்ப்பது சிரமமே இல்லை. வலது தோள் பொத்தானை அழுத்திக்கொண்டு மின்சாரத்தைப் போட்டால், எங்கிருந்து பூட் ஆக வேண்டும் என்று கருவியே கேட்கும். எஸ்டி அட்டை என்று சொன்னால் முடிந்தது. பிடிக்காவிட்டால் அட்டையைப் பிடுங்கிவிடலாம், பழைய லினக்ஸ் அப்படியே இருக்கும்.

ஸ்விட்சில் இந்த முதல் படியே பெரிய கோட்டைச்சுவர். அது இடிந்தது 2018 ஏப்ரலில். அதன் என்விடியா டெக்ரா எக்ஸ்1 சிப்பில், ஆலையிலேயே பொறிக்கப்பட்டுவிடும் பூட் ரோமின் யுஎஸ்பி பகுதியில் ஒரு பிழை. வரும் தரவின் நீளத்தைச் சரிபார்க்காமல் நகலெடுத்துவிடுகிறது. ரோமில் இருப்பதால், விற்றுப்போன கருவிகளில் அப்டேட் அனுப்பி அடைக்கவும் முடியாது. ஜாய்கான் கட்டுப்பாட்டுக் கருவியை மாட்டும் தடத்தில் குறிப்பிட்ட ஓர் ஊசியைத் தரையோடு இணைத்து, ஒலிக்கூட்டுப் பொத்தானோடு சேர்த்து இயக்கினால் கருவி மீட்பு நிலைக்குப் போகும். அங்கே கணினியிலிருந்தோ கைபேசியிலிருந்தோ நம் நிரலைச் செலுத்த வேண்டும். முழுதாக அணைத்துப் போடும் ஒவ்வொரு முறையும் இதே சடங்கு. அந்த ஆண்டின் நடுப்பகுதிக்குப் பின் வந்த கருவிகளில் ஓட்டையை அடைத்துவிட்டார்கள்.

ஆக, வாசல் வரைக்கும் பண்டோராவுக்குத்தான் வெற்றி. போர்ட் வேலையின் கனம் வாசலைத் தாண்டித்தான் தொடங்குகிறது.

பண்டோராவின் வரைகலைச் சில்லு பவர்விஆர் எஸ்ஜிஎக்ஸ்530. கருவி திறமூலக் கருவிதான், ஆனால் இந்தச் சில்லை இயக்கும் டிரைவரின் மேற்பாதி மூடிய பைனரி. கர்னலுக்குள் இருக்கும் கீழ்ப்பாதிக்கு மட்டும் மூலநிரல் உண்டு. மேற்பாதியும் கீழ்ப்பாதியும் ஒரே பதிப்பாக இருந்தால்தான் ஒன்றோடொன்று பேசும். இன்னொரு சிக்கலும் உண்டு. வழக்கமான லினக்ஸில் நிரல்கள் சாய்ந்திருப்பது ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகத்தின் மேல். ஆண்ட்ராய்டு அதைத் தள்ளிவிட்டு பயோனிக் என்று சொந்தமாக ஒன்றை வைத்துக்கொண்டது. ஆங்ஸ்ட்ராமில் அருமையாக ஓடும் வரைகலைப் பைனரி, ஆண்ட்ராய்டில் ஏறவே ஏறாது. மூலநிரல் இருந்தால் பயோனிக்குக்கு மறுபடி தொகுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் சிப் செய்தவர் தரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். ‘திறந்த’ கருவியின் உரிமையாளர் கடைசியில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் வாசலில் நின்றார்.

காலமும் கைகொடுக்கவில்லை. ஆண்ட்ராய்டுக்கு பைண்டர், வேக்லாக் முதலிய தனிச் சேர்க்கைகள் கர்னலில் வேண்டும். 2010 பிப்ரவரியில் வெளியான லினக்ஸ் 2.6.33-இலிருந்து ஆண்ட்ராய்டு டிரைவர்களைத் தூக்கி எறிந்திருந்தார்கள். 2012-இல் 3.3 பதிப்பில்தான் அவை திரும்பி வந்தன. பண்டோரா புதிதாக இருந்த அந்த இரண்டு ஆண்டும், இரு கர்னல் கிளைகளைக் கையால் தைத்துச் சேர்க்கும் வேலை போர்ட் செய்பவர் தலையில் விழுந்தது.

ஸ்விட்சின் கதை வேறு. அதே டெக்ரா எக்ஸ்1 சிப்பை வைத்து என்விடியா 2015-இலேயே ஷீல்டு டிவி என்ற ஆண்ட்ராய்டுப் பெட்டியை விற்றது. கர்னல் மூலநிரலை வெளியிட்டது. பயோனிக்குக்கென்றே தொகுத்த வரைகலைப் பைனரிகளைக் கருவியோடு தந்தது. அவையும் மூடியவைதான், இதில் பண்டோராவுக்கும் ஸ்விட்சுக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் ஆண்ட்ராய்டுக்கென்றே மூடப்பட்டவை. ஸ்விட்ச்ரூட் என்ற ஆர்வலர் குழுவினர் ஷீல்டின் ஆண்ட்ராய்டை எடுத்துக்கொண்டு, அந்தப் பெட்டியில் இல்லாதவற்றை மட்டும் எழுதிச் சேர்த்தார்கள்: கருவியின் சொந்தத் தொடுதிரை, மின்கலம், ஜாய்கான். 2019 ஜூலையில் லினியேஜ் 15.1, அதாவது ஆண்ட்ராய்டு 8.1, வெளியானது. குறைகள் இருந்தன. ஆழ்ந்த உறக்க நிலை ஆண்ட்ராய்டு 10-ஐ ஒட்டிய பதிப்பில்தான் ஒழுங்காக வந்தது. ஆனாலும் முதல் பதிப்பிலேயே வரைகலை முழு வேகத்தில் ஓடியது. பண்டோராவில் எட்டாத கனி அதுதான்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். பண்டோராவுக்கும் அப்படி ஓர் உறவினர் இருந்தாரே? 2009-இல் ஆண்ட்ராய்டு 2.0-உடன் வந்த மோட்டோரோலா ட்ராய்டு கைபேசியில் இருந்தது ஓமேப் 3430. அதே எஸ்ஜிஎக்ஸ்530, அதே 256 எம்பி. எனவே ‘நினைவகம் போதவில்லை’ என்ற சாக்கு செல்லாது. ட்ராய்டு செய்ததைப் பண்டோராவும் செய்திருக்க வேண்டும்.

என் கணிப்பில், வேறுபாட்டை உண்டாக்கியது உறவினரின் ஆயுள். ட்ராய்டுக்கு அதிகாரபூர்வமாகக் கிடைத்த கடைசிப் பதிப்பு 2.2. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 2012-இல் கைபேசிச் சிப் தொழிலையே கைகழுவியது. பைனரி புதுப்பிப்பு நின்றால் போர்ட்டும் அங்கேயே நிற்கும். ஷீல்டு டிவியின் 2015 மாதிரிக்கோ என்விடியா ஆண்ட்ராய்டு 11 வரை கொடுத்தது. ஆர்வலர்களின் ஊக்கம் இரு பக்கமும் ஒன்றுதான். ஒரு பக்கம் மட்டும் அடியில் ஒரு நிறுவனம் தன் சொந்த லாபத்துக்காக ஏழு ஆண்டு தொடர்ந்து உழைத்துக்கொண்டிருந்தது. ஆள்பலத்தைச் சொல்லவே வேண்டாம். ஆயிரக்கணக்கில் விற்ற கருவி எங்கே, பத்துக் கோடியைத் தாண்டிய கருவி எங்கே!

உடலமைப்பிலும் பொருத்தம் பார்க்க வேண்டும். பண்டோராவின் திரை அழுத்தத்தை உணரும் பழைய வகை. எழுதுகோலால் தொட வசதி, இரு விரலால் விரித்துச் சுருக்க வழியில்லை. கருவியின் சாய்வை அறியும் உணரியும் இல்லை. அதன் பெருமையே அந்த இரண்டு குமிழ்கள்தான். ஆனால் ஜாய்ஸ்டிக் என்ற ஒன்றை ஆண்ட்ராய்டு புரிந்துகொண்டது 2011-இல் வந்த 3.1 பதிப்பிலிருந்துதான். பண்டோராவில் முயன்ற 2.x பதிப்புகளுக்கு அந்தக் குமிழ்கள் என்னவென்றே தெரியாது. ஸ்விட்ச் களத்துக்கு வந்தபோது, கன்ட்ரோலர் வைத்து விளையாடும் பழக்கம் ஆண்ட்ராய்டில் ஊறிப்போயிருந்தது.

இதனால் பண்டோராக்காரர்கள் பெரிதாக இழந்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்களிடம் முழு லினக்ஸ் இருந்தது. இயங்குதளத்தையே பெயர்த்து வருவானேன், வேண்டிய விளையாட்டை மட்டும் கொண்டுவருவோம் என்று சிலர் யோசித்தார்கள். ஏபிகேஎன்வி என்ற சிறு நிரல் அதற்குக் கைகொடுத்தது. ஆண்ட்ராய்டு விளையாட்டின் உள்ளே இருக்கும் நேட்டிவ் நூலகத்தை மட்டும் எடுத்து, அது எதிர்பார்க்கும் பயோனிக் அழைப்புகளுக்கெல்லாம் லினக்ஸ் பக்கமிருந்து பதில் சொல்லி ஓட்டிவிடும். வரைகலைக்கு ஆங்ஸ்ட்ராமின் டிரைவரே போதும். மாற்றாக வந்த இந்த வழி, முழுப் போர்ட்டைவிடப் புத்திசாலித்தனமானது என்பேன். 2014-இல் ஸ்டார்கிராஃப்ட் விளையாட்டின் விண்டோஸ் பைனரியையே ஏஆர்எம் நிரலாக மாற்றி பண்டோராவில் ஓட வைத்ததும் இதே மனப்பான்மைதான். ஸ்விட்ச் உரிமையாளருக்கு ஆண்ட்ராய்டு ஒரு விடுதலை. பண்டோரா உரிமையாளருக்கு அது ஒரு கூடுதல் பொம்மை.

நீண்ட காலக் கணக்கில் தராசு கொஞ்சம் மறுபக்கம் சாய்கிறது. பண்டோராவுக்கான விவரக் கோப்புகள் லினக்ஸின் மூலக் கர்னலிலேயே சேர்ந்துவிட்டன. அதன் வைஃபை டிரைவர்கூட நோக்கியா என்900-க்காக எழுதப்பட்டு மூலக் கர்னலில் சேர்க்கப்பட்டதன் கொடை. ஸ்விட்சின் ஆண்ட்ராய்டோ என்விடியா விட்டுச்சென்ற 4.9 கர்னலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பண்டோரா குழுவினர் அடுத்து உருவாக்கிய பைராவில் டெபியன் ஓடுகிறது. ஆனால் சிப் மறுபடியும் ஓமேப் 5, செய்தவர்களே கைவிட்ட வரிசை. அதன் வரைகலைச் சில்லும் எஸ்ஜிஎக்ஸ் வகைதான். 2024-இல் லினக்ஸ் 6.8 ஒருவழியாகத் திறமூல பவர்விஆர் டிரைவரைச் சேர்த்துக்கொண்டது. அது புதிய ரோக் தலைமுறைக்கு மட்டும். எஸ்ஜிஎக்ஸ் அந்தப் பட்டியலில் இல்லை.