தனிக்குதிரைக்குத் துணை

ஒற்றையாக வளரும் குதிரையோடு இன்னொரு குதிரையையோ, அதற்கு வழியில்லாதபோது கழுதை, ஆடு போன்ற வேறு விலங்கையோ சேர்த்து வளர்ப்பது துணை சேர்த்தல் எனப்படும். குதிரை மந்தையாக வாழும் விலங்கு. தீனி, தண்ணீர், நிழல் என்ற வரிசையிலேயே துணையையும் வைத்துப் பார்க்க வேண்டும். திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெரு போல வீடும் கடையும் நெருங்கிய பகுதிகளில் ஒரு குதிரைக்கு இடம் ஒதுக்குவதே பெரும்பாடு என்பதால், இந்தத் தேவைதான் எளிதில் விட்டுப்போகிறது.

மந்தை வாழ்க்கை

கட்டுத்தறி இல்லாமல் குதிரைகள் எப்படி வாழும் என்பதைத் தமிழர் நிலத்திலேயே பார்க்கலாம். கோடியக்கரைச் சரணாலயத்தில் மட்டக்குதிரைகள் காட்டு விலங்குகளாகவே திரிகின்றன. யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே உள்ள நெடுந்தீவில், ஐரோப்பியர் ஆட்சிக் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை இன்றும் மேய்கின்றன. இப்படி விடப்பட்ட குதிரைகள் எங்கும் சிறு குடும்பங்களாகவே பிரிந்து வாழ்கின்றன: ஓர் ஆண், சில பெட்டைகள், அவற்றின் குட்டிகள். வளர்ந்த ஆண்குட்டிகள் குடும்பத்தை விட்டு வெளியேறினாலும் தனியே போவதில்லை. தங்களுக்குள் ஒரு கூட்டம் சேர்த்துக்கொள்கின்றன.

இரண்டு குதிரைகள் நட்பாக இருப்பதைக் கிட்ட நின்று பார்த்தால் இந்தத் தேவை விளங்கும். ஒன்றின் தலை மற்றதன் வால் பக்கம் இருக்கும்படி எதிரெதிராக நிற்கும். ஒன்றின் வால் மற்றதன் முகத்தில் மொய்க்கும் ஈயை ஓட்டும். பிறகு இரண்டும் நெருங்கி, கழுத்து முதுகோடு சேரும் மேட்டில் முன்பற்களால் ஒன்றையொன்று கொறித்துச் சொறிந்துகொள்ளும். கண்கள் பாதி மூடும், கீழுதடு தொங்கும். தென் பிரான்சின் கமார்க் குதிரைகளிடம் நடந்து 1993இல் வெளியான ஓர் ஆய்வு, இந்த மேட்டைச் சொறிந்துவிட்டால் குதிரையின் இதயத்துடிப்பு குறைகிறது என்று காட்டியது. குதிரைக்காரர் கையால் அதே இடத்தைத் தேய்த்துவிடுவதும் பயன் தரும். ஆனால் அவர் இரவில் வீட்டுக்குப் போய்விடுவார்.

இரவுதான் முக்கியம். குதிரை நின்றபடியே கண்ணயரும்; ஆனால் கனவு வரும் ஆழ்ந்த உறக்கத்துக்குக் கட்டாயம் படுத்தாக வேண்டும். படுத்த குதிரை சட்டென எழுந்து ஓட முடியாது என்பதால், மந்தையில் ஒன்றிரண்டு காவல் நிற்க மற்றவை படுக்கும். காவலுக்கு யாருமற்ற குதிரை படுக்கத் தயங்கலாம். நாள்கணக்கில் படுக்காத குதிரை நின்ற நிலையில் முழங்கால் மடங்கித் தள்ளாடும். முன்கால் மூட்டுகளில் சிராய்ப்பு விழும். அந்தச் சிராய்ப்புக்கு மருந்து மட்டும் போட்டுவிட்டுக் காரணத்தைத் தேடாமல் விடுவது அந்த உயிருக்குச் செய்யும் அநியாயம்.

தனிமையின் அறிகுறிகள்

வேலியோரமாகவே ஓயாமல் நடப்பது, கதவருகே நின்று தலையை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே இருப்பது, மரச்சட்டத்தைப் பல்லால் கவ்விக் காற்றை உள்ளிழுப்பது, தெருவில் குளம்பொலி கேட்டாலே விடாமல் கனைப்பது ஆகியவை கவனிக்க வேண்டியவை. சில குதிரைகள் இதற்கு நேர்மாறாக, சுவரைப் பார்த்தபடி அசையாமல் நிற்கும். ‘சாதுவான குதிரை’ என்று அதைப் பாராட்டுவோரும் உண்டு. நார்த்தீனி போதாமையும் நாள் முழுக்கக் கட்டிப்போடுவதும் இதே அறிகுறிகளைத் தரும் என்பதால், அவற்றையும் சேர்த்தே சரிசெய்ய வேண்டும்.

திருவனந்தபுரச் சூழல்

சாலைக் கடைத்தெரு, திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஏற்படுத்தியது. கிழக்கேகோட்டையில் தொடங்கிக் கிள்ளிப்பாலம் நோக்கிச் செல்லும் இந்தத் தெருவில் தமிழ் வணிகர்கள் தலைமுறைகளாகக் கடை நடத்துகிறார்கள். கொள்ளு, கடலை, தவிடு வாங்க வசதியான இடம். மேய்ச்சலுக்கு வசதியே இல்லாத இடம். கோட்டைக்குள் மன்னர் சுவாதித் திருநாள் கட்டிய குதிரைமாளிகையில், கூரையடியில் 122 மரக்குதிரைகள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. உயிருள்ள குதிரைகள் சேர்ந்து வாழும் இடம் நகரின் இன்னொரு பக்கத்தில், கண்ணேட்டுமுக்கில் உள்ள கேரளக் குதிரைப்படைப் போலீசின் லாயம். அங்கே ஒரு குதிரை மற்றொன்றைப் பார்க்கவும், கேட்கவும், மோப்பம் பிடிக்கவும் முடிகிறது. சொந்தமாக ஒரே குதிரை வைத்திருப்பவருக்கு இந்த மூன்றுமே எட்டாமல் போகின்றன.

கட்டிப்போட்டுத் தீனி போட்டால் போதும் என்ற எண்ணம் தெற்கே பழையது. பாண்டிய நாட்டுக்குக் கடல்வழி வந்திறங்கிய அரபுக் குதிரைகளை முளையடித்துக் கயிற்றில் கட்டி, கொழுக்கட்டும் என்று நாற்பது நாள் லாயத்திலேயே வைத்திருந்ததாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதியிருக்கிறார். அந்த வழக்கத்தின் சாயல் இன்றைய ஒற்றைக் கொட்டகைகளில் தெரிகிறது.

துணையைத் தேர்ந்தெடுத்தல்

குதிரைக்கு நல்ல துணை குதிரைதான். சவாரிக்கு உதவாத வயதான குதிரையோ மட்டக்குதிரையோ போதும். பெட்டையோ காயடித்த ஆணோ என்றால் சிக்கல் குறைவு. இரண்டாவதை வாங்கி வளர்க்க வசதியில்லாதவர், குதிரை உள்ள இன்னொருவரோடு சேர்ந்து ஒரே லாயம் அமைப்பது செலவையும் குறைக்கும். இரண்டே குதிரைகள் இருந்தால் ஒன்றை வெளியே கொண்டுபோகும்போது மற்றது தவித்துப்போகும். மூன்றாவதாக ஓர் உயிர் கூட இருந்தால் அந்தத் தவிப்பு தணியும்.

கழுதை அடுத்த தேர்வு. அது தன் இனத்தோடுதான் ஆழமாகப் பிணையும் என்பதால் இரண்டு கழுதைகளாக வைப்பது நல்லது. கழுதையின் நுரையீரல் புழு, கழுதைக்கு இருமல்கூட இல்லாமல் குதிரைக்குத் தொற்றக்கூடியது. சாணப் பரிசோதனையும் குடற்புழு மருந்தும் முதலிலேயே தேவை.

ஆடு மலிவு, சிறு இடத்தில் அடங்கும். கொம்பில்லாததாகப் பார்க்க வேண்டும். எல்லாக் குதிரையும் ஆட்டை ஏற்பதில்லை: அமெரிக்கப் பந்தயக் குதிரை சீபிஸ்கட்டுக்கு 1936இல் பயிற்சியாளர் டாம் ஸ்மித் முதலில் ஓர் ஆட்டைத்தான் துணையாக விட்டார், குதிரை அதைக் கவ்வித் தூக்கிக் கதவுக்கு வெளியே போட்டுவிட்டது. பிறகு வந்த பம்ப்கின் என்ற குதிரையோடு அது ஒட்டிக்கொண்டது. ஆட்டையோ கோழியையோ சேர்த்து வளர்ப்பவர் தீவனத்தில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். கோழித்தீவனத்தில் சேர்க்கப்படும் மோனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகள் சிறிதளவிலேயே குதிரையின் இதயத் தசையைச் சிதைத்துக் கொன்றுவிடும். அந்த மூட்டை குதிரைக்கு எட்டும் இடத்தில் இருக்கவே கூடாது.

லாயத்தில் கண்ணாடி பொருத்தினால் தலையாட்டம் குறைவதாக ஆய்வுகள் உண்டு. அது தற்காலிக ஆறுதல் மட்டுமே. கண்ணாடிக் குதிரை சொறிந்துவிடாது, காவல் நிற்காது.

சேர்க்கும் முறை

புதிதாக வரும் குதிரையையோ கழுதையையோ இரண்டு மூன்று வாரம் தனியே வைத்து, கிளாண்டர்ஸ் நோய்க்கு இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். மனிதருக்கும் தொற்றும் நோய் இது. இந்தியாவில் அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய்களில் ஒன்று. கால்நடை மருத்துவர் வழியாக அனுப்பப்படும் மாதிரிகளை ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் பரிசோதிக்கிறது. பிறகு சில நாள் வேலிக்கு இருபுறமும் நிறுத்தி, மூக்கோடு மூக்கு வைத்து முகர விடலாம். ஒன்றாக விடும்போது பின்கால் லாடங்களைக் கழற்றிவிட்டு, முட்டுச்சந்து போன்ற மூலைகள் இல்லாத திறந்த இடத்தில், புல்லைத் தள்ளித்தள்ளி மூன்று குவியலாகப் போட வேண்டும். காதை மடக்குவதும் கத்துவதும் உதைப்பதுபோல் மிரட்டுவதும் முதல் நாட்களில் இயல்பு. ஒன்று மற்றதைத் தண்ணீர்ப் பக்கமே வரவிடாமல் துரத்தினால் பிரித்துவிட வேண்டும்.

துணை இறந்துவிட்டால், உயிரோடு இருப்பதை உடலருகே விட்டு முகர அனுமதிப்பது வழக்கம். அப்படி விட்டால் தேடிக் கனைப்பது குறைகிறது என்பது குதிரை வளர்ப்போரின் அனுபவம்.

சட்டம்

சுவிட்சர்லாந்தில் 2008 முதல் நடைமுறையில் உள்ள விலங்குப் பாதுகாப்பு விதிகளின்படி, குதிரையால் குதிரைக் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு விலங்கைப் பார்க்கவும் கேட்கவும் முகரவும் முடிய வேண்டும். இந்தியாவின் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் குட்டைக் கயிற்றில் நெடுநேரம் கட்டிவைப்பதைக் குற்றமாக்குகிறது. துணையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. 2014 ஜல்லிக்கட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்துரைத்த ஐந்து சுதந்திரங்களில், இயல்பான நடத்தையோடு வாழும் சுதந்திரமும் ஒன்று. குதிரையின் இயல்பில் மந்தையும் அடங்கும் என்பதால், விதிகளில் துணைக்கு இடம் கேட்க இதுவே போதிய அடிப்படை.