சேவலின் கொண்டை சொன்ன செய்தி

மணிமங்கலம் என்ற பெயரை வரலாற்றுப் பாடத்தில் நீங்கள் படித்திருப்பீர்கள். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் நரசிம்மவர்மப் பல்லவன் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியை முறியடித்த போர்க்களங்களுள் ஒன்றாகக் கூரம் செப்பேடு இவ்வூரைக் குறிப்பிடுகிறது. அதே மணிமங்கலம் இன்று ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழில் வட்டாரத்தின் அருகே இருக்கிறது. சென்னைக்குள் புகுந்து கடலில் கலக்கும் அடையாறு சுமார் 42 கிலோமீட்டர் நீளமுள்ளது. அது தொடங்குவதும் இப்பகுதி ஏரிகளில்தான்.

இந்தக் கட்டுரை எந்தத் தொழிற்சாலையின் மீதும் குற்றம் சாட்ட எழுந்ததன்று. ஓர் ஆற்றுக்குள் என்னென்ன வந்து சேரும் என்று எண்ணிப் பாருங்கள். வயலில் தெளித்த பூச்சிமருந்து, சலவைத்தூளின் எச்சம், பிளாஸ்டிக்கை வளையச் செய்யும் எண்ணெய்கள், நாம் விழுங்கும் மாத்திரைகள் என யாவும் வரும். ஒவ்வொன்றும் மிகச் சிறிய அளவே. தனித்தனியே அளந்தால் ‘தீங்கற்றது’ என்றே சான்றிதழ் கிடைக்கக்கூடும். ஆனால் ஆற்றிலுள்ள மீன் அவற்றைத் தனித்தனியே குடிப்பதில்லையே! எல்லாம் சேர்ந்தால் என்ன ஆகும்? இக்கேள்விக்கு விடை காண விஞ்ஞானம் நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. அந்தக் கதை ஒரு சேவலில் தொடங்குகிறது.

1849ஆம் ஆண்டு ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பெர்த்தோல்டு என்ற பேராசிரியர் இளஞ்சேவல்கள் சிலவற்றின் விரைகளை நீக்கினார். அவற்றின் கொண்டை வளரவில்லை, அவை கூவவில்லை, சண்டையிடவும் இல்லை. நீக்கிய விரையை வேறு சில சேவல்களின் வயிற்றறைக்குள் வைத்தார். நரம்புத் தொடர்பு ஏதும் இல்லாமலேயே அவற்றுக்குக் கொண்டை சிவந்து வளர்ந்தது. இரத்தத்தின் வழியே ஏதோ ஒரு செய்தி போகிறது என்பது இதனால் தெளிவாயிற்று. அச்செய்தியைத் தாங்கும் பொருளை இன்று இயக்குநீர் அல்லது ஹார்மோன் என்கிறோம்.

இயக்குநீர் ஒரு சாவி. உயிரணுவில் உள்ள ஏற்பி ஒரு பூட்டு. இப்பூட்டுக்குக் கள்ளச்சாவியும் உண்டு என்பதை 1930களில் லண்டனைச் சேர்ந்த டாட்ஸ் காட்டினார். பிஸ்பீனால்-ஏ என்ற பொருள் பெண் இயக்குநீரைப் போல நடிப்பதை 1936இல் கண்டார். 1938இல் அதைவிடப் பன்மடங்கு வலிமையுள்ள ஸ்டில்பெஸ்ட்ராலை உருவாக்கினார். பின்னது மருந்தாயிற்று. முன்னது மருந்தாகவில்லை, பிற்காலத்தில் பிளாஸ்டிக் தொழிலின் மூலப்பொருளாயிற்று!

மறுபடியும் சேவலுக்கு வருவோம். 1950இல் அமெரிக்காவின் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பர்லிங்டன், லிண்ட்மன் என்ற இருவர் சேவல் குஞ்சுகளுக்கு நாள்தோறும் டி.டி.டி. ஊசி போட்டனர். குஞ்சுகள் சாகவில்லை; நோயுற்றனவாகவும் தோன்றவில்லை. ஆனால் கொண்டை குன்றியது. விரைகள் இயல்பான அளவில் 18 சதவீதமே இருந்தன. டி.டி.டி.யின் மூலக்கூறு ஸ்டில்பெஸ்ட்ராலை ஒத்திருப்பதை அவர்கள் அப்போதே சுட்டிக்காட்டினர். உலகெங்கும் கொசுவை ஒழிக்க டி.டி.டி.யைத் தூவிக் கொண்டாடிய காலம் அது. ஒரு நஞ்சு கொல்லாமலேயே கெடுக்கும் என்ற அந்தச் செய்தி பல்லாண்டு கேட்பாரற்றுக் கிடந்தது. என்னைக் கேட்டால், இத்துறையின் வரலாற்றில் மிகவும் வருந்தத்தக்க பகுதி இதுதான்.

பின்னர் மீன்கள் பேசின. இங்கிலாந்தில் கழிவுநீர் நிலையங்களுக்குக் கீழே கூண்டில் வைக்கப்பட்ட ஆண் டிரவுட் மீன்களின் இரத்தத்தில், பெண் மீன் முட்டைக்காக மட்டுமே உண்டாக்கும் மஞ்சட்கருப் புரதம் பெருகியிருந்தது. 1994இல் இது வெளியாயிற்று. யார்க்ஷயரில் கம்பளி கழுவும் ஆலைகளின் கழிவு கலந்த ஏர் ஆற்றில் நோனைல் பீனால் என்ற சலவைப்பொருள் எச்சம் குற்றவாளியாகப் பிடிபட்டது. மற்ற ஆறுகளில் தனிக் குற்றவாளி எவரும் அகப்படவில்லை; இயற்கை இயக்குநீர், கருத்தடை மாத்திரையின் எச்சம், இரசாயனப் பொருள்கள் எல்லாம் கலந்தே இருந்தன.

இங்கேதான் கதையில் ஒரு சறுக்கல். 1996 ஜூன் மாதம் அமெரிக்காவின் டுலேன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். எண்டோசல்ஃபான், டீல்ட்ரின் போன்ற பூச்சிமருந்துகளை இரண்டிரண்டாகச் சேர்த்தால், தனித்தனியே இருப்பதைவிட 160 முதல் 1,600 மடங்கு வரை வலிமை கூடுகிறது என்றார்கள். உலகமே பரபரப்படைந்தது. ஆனால் அதே சோதனையைச் செய்து பார்த்த மற்றவர்களுக்கு அம்முடிவு கிடைக்கவில்லை. கட்டுரை எழுதியவர்களுக்கே மறுபடி கிடைக்கவில்லை. 1997 ஜூலையில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. ‘கலவை என்பதே வெறும் பூச்சாண்டி’ என்று பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டனர்.

அந்த நிம்மதியைக் குலைத்தது 2002இல் லண்டனில் நடந்த ஒரு சோதனை. சில்வா, ராஜபக்ச, கோர்ட்டன்காம்ப் மூவரும் மனித ஏற்பியின் மரபணு புகுத்தப்பட்ட ஈஸ்ட் செல்களை எடுத்துக்கொண்டனர். பெண் இயக்குநீரைப் போல மெலிதாக நடிக்கும் எட்டுப் பொருள்களை, எந்த அளவில் தனியே விளைவு ஏதும் தெரியாதோ அந்த அளவுக்கும் குறைவாகவே கலந்தனர். விளைவு ஐயத்துக்கிடமின்றித் தெரிந்தது!

இதில் மாயம் ஏதும் இல்லை. ஊர்த்தேரின் வடத்தை ஒருவர் மட்டும் இழுத்தால் தேர் அசையாது. அதனால் அவர் இழுக்கவே இல்லை என்று ஆகிவிடுமா? பலர் பிடிக்கும்போது அவருடைய பங்கும் சேர்ந்தே தேர் நகர்கிறது. ‘விளைவு தெரியவில்லை’ என்பதும் ‘விளைவு இல்லை’ என்பதும் ஒன்றல்ல. 2005இல் புரூனல் பல்கலைக்கழகத்தார் ஐந்து பொருள்களைக் கலந்து உயிருள்ள மீன்களிலேயே இதைக் காட்டினர். கூட்டல் கணக்கு முன்கூட்டிச் சொன்ன விளைவு மீன்களிலும் அப்படியே வந்தது.

ஒரே பூட்டுக்குப் பல கள்ளச்சாவிகள் என்றால் கூட்டலாம்; வேறு வேறு வழியில் கெடுப்பவற்றை எப்படிக் கூட்டுவது? மணிமங்கலத்துக்காரரைக் கேட்டால் ஏரியைக் காட்டுவார். வரத்துக் கால்வாய் பாதி தூர்ந்து, மதகும் பாதி அடைபட்டால் வயலுக்கு என்ன கதி? ஆண் கருவின் உறுப்புகள் உருவாக ஆண் இயக்குநீர் தேவை. தாலேட்டுகள் என்னும் பிளாஸ்டிக் எண்ணெய்கள் அது சுரப்பதையே குறைக்கின்றன. இதுதான் வரத்துக் கால்வாய். வின்குளோசோலின் போன்ற பூஞ்சைக்கொல்லிகள் ஏற்பியை அடைக்கின்றன, இது மதகு. 2008இல் அமெரிக்காவில் ஏர்ல் கிரேயின் குழுவினர் இவ்வகையைச் சேர்ந்த ஏழு பொருள்களைக் கலந்து சினை எலிகளுக்குக் கொடுத்தனர். பிறந்த ஆண் குட்டிகளுக்குப் பெண் குட்டிகளைப் போல முலைக்காம்புகள் தங்கின; சிறுநீர்த்துளை இடம் மாறியது. எல்லாம் ஒரே வழியில் இயங்குவதாகப் பாவித்துக் கூட்டிய கணக்கே மெய்ம்மைக்கு மிக நெருங்கி வந்தது. 2009இல் டென்மார்க்கில் நான்கு பொருள்களைக் கொண்டு செய்த சோதனையிலோ, புற உறுப்பின் குறைபாடு கூட்டல் கணக்கையும் மிஞ்சியது. கரு உருவாகும் நாள்கள் சிலவே; அப்போது நேர்ந்த குறையைப் பிறகு எவ்வளவு இயக்குநீர் சுரந்தாலும் சரிசெய்ய முடியாது.

நம் நாட்டுக்கு இது புதிதன்று. கேரளத்தின் காசர்கோடு முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்ஃபான் இருபதாண்டுகளுக்கு மேல் தெளிக்கப்பட்டது. அங்குள்ள சிறுவர்கள் பருவமடைவது தாமதப்படுவதாக அகமதாபாத் தொழில்நலத் தேசிய நிறுவனத்தின் ஆய்வு 2003இல் தெரிவித்தது. 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் அம்மருந்தைத் தடை செய்தது. காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி நீரில் பிஸ்பீனால்-ஏயும் நோனைல் பீனால் வகைகளும் இருப்பதைத் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்டனர். அடுத்த ஆண்டு காவிரியின் தாலேட்டுகளைப் பற்றியும் எழுதினர். ஒரே ஆற்றில், ஒரே மீனைச் சுற்றி இத்தனையும்!

சட்டம் இன்னும் பெரும்பாலும் ஒவ்வொன்றாகத்தான் எண்ணுகிறது. ஐரோப்பியக் குடிநீர் விதி 1980லேயே ஒரு லிட்டரில் எந்த ஒரு பூச்சிமருந்தும் 0.1 மைக்ரோகிராமுக்கு மேலும், எல்லாம் சேர்ந்து 0.5 மைக்ரோகிராமுக்கு மேலும் இருக்கலாகாது என்றது. நம் நாட்டில் புட்டிக் குடிநீருக்கு 2004 முதல் இதே இரட்டை வரம்பு உண்டு. அந்தக் கூட்டுத்தொகையில் பூச்சிமருந்துகள் மட்டுமே சேர்கின்றன. பிஸ்பீனால்-ஏக்கும் தாலேட்டுக்கும் நோனைல் பீனாலுக்கும் அதில் இடமில்லை. ஏரியிலுள்ள கெளுத்தியோ புட்டி நீர் குடிப்பதில்லை.