ஸ்பிரிங் கொள்கலன்: அமைப்புக் கோப்பிலிருந்து பொருள்களை ஆக்கும் முறை

ஜாவா மொழியில் எழுதப்படும் பெரிய மென்பொருள்களில், எந்த வகுப்பிலிருந்து எந்தப் பொருள் பிறக்க வேண்டும் என்பதை மூலநிரலுக்குள்ளேயே நிர்ணயித்துவிடாமல், புறத்தே ஒரு கோப்பில் எழுதிவைத்து, நிரல் இயங்கத் தொடங்கும் தருணத்தில் அதைப் படித்துப் பொருள்களைச் சிருஷ்டிக்கும் முறையைப் பிரசித்தமாக்கியது ஸ்பிரிங் சட்டகமாகும். ராட் ஜான்சன் 2002-இல் வெளியிட்ட நூலின் நிரல்களிலிருந்து கிளைத்த இச்சட்டகத்தின் 1.0 பதிப்பு 2004 மார்ச்சில் வெளிவந்தது.

எக்ஸ்எம்எல் வடிவிலான இந்த அமைப்புக் கோப்பில் 'பீன்' என்னும் ஒவ்வொரு குறியும் பொதுவாக ஓர் அடையாளப் பெயரையும் வகுப்பின் முழுப்பெயரையும் தாங்கி நிற்கும். ஸ்பிரிங்கின் கொள்கலன் அவ்வகுப்பின் பெயரை வெறும் எழுத்துச் சரமாக வாசித்து, ஜாவாவின் ரிஃப்ளெக்‌ஷன் வசதியால் அவ்வகுப்பை நினைவகத்தில் ஏற்றி, அதன் கன்ஸ்ட்ரக்டரை அழைத்து, பிறந்த பொருளுக்கு வேண்டிய பிற பொருள்களையும் மதிப்புகளையும் தானே கொண்டுவந்து பொருத்துகிறது. சோதனைக்கு நினைவகத் தரவுத்தளமும் மெய்யான உபயோகத்துக்கு ஆரக்கிளும் வேண்டுமெனில், கோப்பில் சில வரிகளை மாற்றினாற் போதும். நிரலை மறுபடி கம்பைல் செய்ய வேண்டுவதில்லை. இம்முறையின் மகத்தான பிரயோஜனம் இதுவே.

ஆயினும் தோஷமும் உண்டு. வகுப்பின் பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் கம்பைலர் அதைக் காணாது. நிரல் புறப்படும்போதுதான் வகுப்பு கிடைக்கவில்லை என்னும் பிழை எழும். பிற்பாடு எக்ஸ்எம்எல் கோப்புக்கு மாற்று வழிகளும் வந்தன: 2007-இல் வந்த 2.5 பதிப்பு, நிரலிலேயே எழுதப்படும் அனோட்டேஷன் குறிப்புகளின் உபயோகத்தை விரிவாக்கியது; 2009-இன் 3.0 பதிப்பு, ஜாவா வகுப்புகளிலேயே அமைப்பை எழுத இடமளித்தது.

கோப்பு எங்கிருந்து வருகிறது என்பதும் மிகுந்த ஜாக்கிரதைக்குரிய விஷயம்: 2023-இல் அப்பாச்சி ஆக்டிவ்எம்கியூ என்னும் செய்திப் பரிமாற்ற மென்பொருளில் வெளிப்பட்ட பலவீனத்தால், தாக்குவோர் தொலைவிலிருந்த ஸ்பிரிங் கோப்பொன்றை ஏற்றச் செய்து, சர்வரில் தாம் விரும்பிய கட்டளைகளை நடத்த முடிந்தது.