நடுக்கத்தை எண்ணும் சென்சார், காரணத்தைத் தேடும் ஸ்கேன்: அசைவுக் கோளாறுகள் அளக்கப்படுவது எப்படி?

பலமனேர்: கை நடுங்கினாலே அது பார்க்கின்சன் நோய் என்று பலரும் அஞ்சுகின்றனர். ஆனால், எல்லா நடுக்கமும் பார்க்கின்சன் அல்ல. பார்க்கின்சன் நோயாளிகள் அனைவருக்கும் நடுக்கம் இருப்பதும் இல்லை. நோய்க்கணிப்பு தவறினால், தேவையற்ற மருந்தை ஆண்டுக்கணக்கில் உட்கொள்ள நேரிடலாம்.

ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்தில் உள்ள பலமனேர் பகுதி மக்களுக்கு நரம்பியல் உயர் சிகிச்சை மையங்கள் வேலூர், திருப்பதி, பெங்களூரு ஆகிய நகரங்களில் உள்ளன. நெடும்பயணத்துக்குப் பின் மருத்துவர் முன் அமரும் சில நிமிடங்களில் நோயின் முழு நிலையும் வெளிப்படுவதில்லை. இந்த இடைவெளியை நிரப்பவே அளவீட்டுக் கருவிகள் உதவுகின்றன.

மதிப்பெண் முறை

ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல் இந்நோயை விவரித்தார். அதன் தீவிரத்தை மதிப்பிடும் பொது அளவுகோல் 1987-ல் வெளியாகி, 2008-ல் திருத்தப்பட்டது. ஒவ்வோர் அறிகுறிக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் தரப்படுகிறது. ஆயினும், ஒரே நோயாளிக்கு இரு மருத்துவர்கள் வெவ்வேறு மதிப்பெண் அளிக்கக்கூடும்.

சென்சார் சொல்வது என்ன?

செல்போனில் உள்ளதைப் போன்ற முடுக்கமானியும் சுழற்சிமானியும் மணிக்கட்டுப் பட்டையில் பொருத்தப்படுகின்றன. பார்க்கின்சன் நோயில் ஓய்வுநிலை நடுக்கம் பெரும்பாலும் விநாடிக்கு 4 முதல் 6 முறை நிகழ்கிறது. பரம்பரையாகவும் வரக்கூடிய 'எசென்ஷியல்' நடுக்கம் விநாடிக்கு 4 முதல் 12 முறை வரை இருக்கும். தம்ளரைப் பிடிக்கும்போதும் எழுதும்போதும் அது மிகுகிறது. எண்ணிக்கைகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால், நடுக்கம் எந்நிலையில் தோன்றுகிறது என்பதும் முக்கியம். லெவோடோபா மருந்தின் பயன் எந்த நேரத்தில் குறைகிறது என்பதையும் நாள் முழுவதும் அணியும் பட்டை காட்டும்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் உயிர்ப்பொறியியல் துறையைச் சேர்ந்த சிவகுமார் பாலசுப்பிரமணியன் உள்ளிட்டோர், அசைவின் சீர்மையை எண்ணாக அளக்கும் முறையை 2012-ல் வெளியிட்டனர். பக்கவாதத்துக்குப் பின் கை விட்டுவிட்டு நகர்கிறதா, தடையின்றி நகர்கிறதா என்பதை அறிய இம்முறை பயன்படுகிறது.

ஸ்கேன் காட்டுவது என்ன?

பார்க்கின்சன் நோயின் தொடக்கத்தில் வழக்கமான எம்ஆர்ஐ ஸ்கேன் இயல்பாகவே இருக்கலாம். பக்கவாதம், கட்டி, மூளையில் நீர் தேங்குதல் போன்ற பிற காரணங்களைக் கண்டறியவோ விலக்கவோ அது எடுக்கப்படுகிறது. மூளையில் டோபமின் நரம்பு முனைகளின் நிலையை அறிய, இந்தியாவில் 'ட்ரோடாட்' ஸ்கேன் பயன்பாட்டில் உள்ளது. எசென்ஷியல் நடுக்கத்தில் இது பொதுவாக இயல்பாகவும், பார்க்கின்சனில் குறைவாகவும் காணப்படும். எனினும், பார்க்கின்சனை ஒத்த வேறு சில நோய்களிலும் இது குறைவாகவே இருக்கும். எனவே சென்சாரோ ஸ்கேனோ தனித்து நோயை முடிவு செய்வதில்லை. இறுதி முடிவு மருத்துவரின் நேரடிப் பரிசோதனையைச் சார்ந்தது.

குடும்பத்தினர் செய்யக்கூடியவை

* ஓய்வாக அமர்ந்திருத்தல், நடத்தல், தம்ளர் பிடித்தல் ஆகியவற்றைச் செல்போனில் காணொலியாகப் பதிவு செய்யலாம்.
* மாத்திரை உட்கொண்ட நேரத்தையும், அசைவு தளர்ந்த நேரத்தையும் குறித்து வைக்கலாம்.
* உட்கொள்ளும் அனைத்து மருந்துகளின் பட்டியலையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வாந்தியைத் தடுக்கும் மெட்டோகுளோப்ரமைடு, சில மனநல மருந்துகள் ஆகியவையும் இத்தகைய அறிகுறிகளை உண்டாக்கலாம்.
* மருத்துவரின் ஆலோசனையின்றி எந்த மருந்தையும் திடீரென நிறுத்தக் கூடாது.