அம்மாவின் கல்யாணச் சேலையில் ஒரு ஞானஸ்நானச் சட்டை

றொரன்ரோவில் இருக்கும் தம்பி போன மாதம் தொலைபேசியில் கேட்டான். "அக்கா, பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுக்கப் போறம். அம்மான்ரை கல்யாணச் சீலையிலை ஒரு சட்டை தைச்சு அனுப்புவியளோ?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. இருபத்தைந்து வருடமாகத் தையல் தொழில் செய்கிறேன். மற்றவர்களின் கல்யாணச் சேலைகளையும் கவுண்களையும் வெட்டி எத்தனையோ பிள்ளைகளுக்குச் சட்டை தைத்திருக்கிறேன். அம்மாவின் சேலையில் கத்தரிக்கோல் வைக்க மட்டும் கை வரவில்லை.

அந்தச் சேலை 1978இல் வாங்கியது. வெள்ளைப் பட்டு, இரண்டு பக்கமும் ஒடுக்கமான வெள்ளிச் சரிகைக் கரை. எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கக் கல்யாணங்கள் பலவற்றில் இருப்பதுபோல அம்மா கோயிலுக்கு வெள்ளைச் சேலையும், பிறகு கூறையும் உடுத்தவர். கூறை இப்போது இல்லை. கல்யாண அல்பமும் இல்லை. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது வீட்டில் விட்டுவந்த எதுவும் திரும்பிப் போகையில் இருக்கவில்லை. வெள்ளைச் சேலை மட்டும் தப்பியது. நாவற்குழிப் பாலத்தடியில் மழைக்குள் நின்ற அந்த இரவு, ஒரு வயதுத் தம்பியை அம்மா அதனால்தான் போர்த்தி வைத்திருந்தார். நடுப்பகுதியில் மண்ணிறத்தில் ஒரு கறை இன்னும் இருக்கிறது. அம்மாவும் அப்பாவும் கல்யாணம் முடித்தார்கள் என்பதற்கு எங்கள் வீட்டில் மிஞ்சியிருக்கும் ஒரே பொருள் அது.

அம்மாவிடம் கேட்டேன். "வெட்டு பிள்ளை. அலுமாரிக்குள்ளை கிடந்து ஆருக்குப் பிரயோசனம்? ஆனால் நான் போகேக்கை அதைத்தான் எனக்கு உடுத்திவிட வேணும். அதுக்குக் காணுற மாதிரிப் பாத்து வெட்டு."

எனவே கேள்வி எவ்வளவு வெட்டலாம், எங்கே வெட்டலாம் என்பதாக மாறியது. என்னிடம் துணி கொண்டுவரும் பலருக்கும் இதே சிக்கல் இருப்பதால் நான் செய்ததையும் கற்றதையும் இங்கே எழுதுகிறேன்.

சேலையில் உள்ள பெரிய வசதி, அது வெட்டப்படாத துணி என்பது. சாதாரணமாக ஐந்தரை மீற்றர் நீளம், ஏறத்தாழ 115 சென்ரிமீற்றர் அகலம். தலைப்பும் கொய்யகமும்தான் கண்ணுக்குத் தெரியும். இடுப்பில் முதலில் செருகும் உள்முனையை யாரும் பார்ப்பதில்லை. அங்கிருந்து ஒரு மீற்றர் எடுத்தால் நாலரை மீற்றர் மிஞ்சும். கொய்யகம் இரண்டு மூன்று மடிப்புக் குறையுமே தவிர, உடுக்கலாம்.

அந்த ஒரு மீற்றரை இப்படிப் பிரித்தேன். மேற்கரையிலிருந்து 50 சென்ரிமீற்றர், கீழ்க்கரையிலிருந்து 50 சென்ரிமீற்றர். இவை சட்டையின் முன், பின் பாவாடைத் துண்டுகள். சேலைக் கரையே சட்டையின் அடிவிளிம்பாக வந்துவிடும், மடித்துத் தைக்கத் தேவையில்லை. நடுவில் மிஞ்சும் 15 சென்ரிமீற்றர்ப் பட்டியில் நெஞ்சுத் துண்டும் தொப்பிக்கு ஒரு கரையும் எடுக்கலாம். ஆக, தோளிலிருந்து அறுபது சென்ரிமீற்றர் நீளமான கையில்லாச் சட்டை. ஆல்பங்களில் காணும், தரையைத் தொடும் நீண்ட சட்டை வேண்டுமென்றால் இரண்டு மீற்றர் தேவைப்படும். நான் அதை விரும்புவதில்லை. அழுகிற பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கும் ஞானத்தாய்க்கு அது பெரிய தொல்லை.

வெட்ட முன்னர் துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். பழைய பட்டு முதலில் மடிப்புக் கோட்டில்தான் இற்றுப்போகும். மெதுவாக இழுத்தால் நூல் விலகினாலோ கிழிந்தாலோ, அந்தத் துணி தனியே நின்று தாங்காது. மெல்லிய பருத்தித் துணியில் வைத்துத் தைத்தால் மட்டுமே பாவிக்கலாம். கீழ்க்கரையில் ஃபோல்ஸ் வைத்துத் தைத்திருந்தால் தையலைப் பிரித்தெடுங்கள். அதன் அடியில் மறைந்திருந்த துணி பழைய நிறத்தோடே இருக்கும். மற்றப் பகுதி எவ்வளவு மஞ்சளாகிவிட்டது என்பது அப்போதுதான் விளங்கும்.

அந்த மஞ்சளைப் போக்கத்தான் பலர் கெடுக்கிறார்கள். நானும் கெடுத்தேன். தொழில் பழகிய புதிதில் அம்மாவின் கல்யாண பிளவுஸில் இருந்த கறையை எடுக்க, வெள்ளை உடுப்புக்குப் போடும் குளோரின் திரவத்தைத் தண்ணீரில் கலந்து ஊறவைத்தேன். பட்டு தலைமயிரைப் போலப் புரதத்தால் ஆனது, குளோரின் அதைக் கரைத்துவிடும் என்பது அன்று எனக்குத் தெரியாது. பிளவுஸ் மஞ்சள் பிடித்து, பிழிந்தபோது கையோடு பிய்ந்து வந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஏசியிருந்தால் மனம் ஆறியிருக்கும்.

இப்போது செய்வது இதுதான்: மறைவான மூலையில் சோதித்துப் பார்த்தபின், குளிர்ந்த தண்ணீரில் காரமில்லாத சவர்க்காரம் கொஞ்சம் கலந்து, கசக்காமல் அலசி, பழைய துவாயில் சுற்றி ஈரத்தை ஒற்றி எடுத்து, நிழலில் விரித்துக் காயவைப்பது. வெயில் பட்டை இன்னும் மஞ்சளாக்கும். சரிகை அதிகமுள்ள சேலையை வீட்டில் தண்ணீரில் போட வேண்டாம். இவ்வளவுக்கும் போகாத மஞ்சள் இருந்துவிட்டுப் போகட்டும். தூய வெள்ளைதான் வேண்டுமென்றால் கடையில் புதுத் துணி இருக்கிறது.

கொழும்பு, நீர்கொழும்புப் பக்கத்திலிருந்து கவுண்களும் வரும். அவற்றில் பெரும்பாலானவை பொலியெஸ்ரர் சாற்றின். இரண்டு நூலை எடுத்து எரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பட்டு தலைமயிர் கருகும் மணத்தோடு எரிந்து, விரலில் தேய்க்கப் பொடியாகும். பொலியெஸ்ரர் உருகிக் கறுத்த மணிபோல இறுகும். பொலியெஸ்ரர் பிள்ளைக்கு வேர்க்கும் என்பதால் உள்ளே பருத்தி கட்டாயம். நெற் துணியில் சூடான அயன்பெட்டி பட்டால் ஓட்டை விழும். முத்து, கல், மணி எதையும் சட்டையில் விடமாட்டேன். அழகென்று சொல்லித் தாய்மார் வாதாடுவார்கள். நாலு மாதப் பிள்ளைக்குக் கையில் படுவதெல்லாம் வாய்க்குத்தான் போகும், ஒரு மணி தொண்டையில் சிக்கினால் போதும். கழுத்தில் நீளமான ரிபனும் வேண்டாம். கட்டும் நாடா முதுகில், குட்டையாக இருக்கட்டும்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பழைய சேலை என்றால் பெட்டியைத் திறக்கும்போதே நப்தலீன் உருண்டை மணக்கும். அந்த மணத்தோடு துணியைப் பச்சைப் பிள்ளைக்குப் போடக் கூடாது. ஜீ-6-பீ-டீ என்ற நொதியம் குறைவாக உள்ள குழந்தைகளில் நப்தலீன் செங்குழியங்களைச் சிதைக்கும், கடும் செங்கண்மாரி வரும், மூளையும் பாதிக்கப்படலாம். உருண்டையோடு வைத்த உடுப்பை அணிவித்ததால் குழந்தைகளுக்கு இப்படி நேர்ந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எண்ணெய் பூசிய தோல் அதை இன்னும் கூடுதலாக உறிஞ்சும். தன் பிள்ளைக்கு இந்தக் குறைபாடு உண்டா என்று பெற்றோர் பலருக்குத் தெரிந்திருக்காது. எனவே இனிமேல் உருண்டை போடாதீர்கள். ஏற்கெனவே போட்ட துணியை நாட்கணக்கில் காற்றாட விட்டு, கழுவி, மணம் முற்றாகப் போன பிறகே வெட்டுங்கள். போகவில்லையென்றால் அதில் பிள்ளைக்குச் சட்டை தைக்க வேண்டாம்.

சட்டை எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சடங்கும் தீர்மானிக்கிறது. கத்தோலிக்க முறையில் நெஞ்சில் எண்ணெய் பூசுவார்கள், தலையில் மூன்று முறை தண்ணீர் ஊற்றுவார்கள், பிறகு உச்சியில் கிறிஸ்மா தைலம் பூசுவார்கள். அதற்குப் பின்னர்தான் வெண்ணாடை. ஆனால் நாங்கள் பிள்ளையை வீட்டிலேயே பட்டுச் சட்டையோடு வெளிக்கிடுத்திக் கொண்டுபோய், எண்ணெயும் தண்ணீரும் அதில் பட்ட பிறகு, மேலே ஒரு சின்ன வெள்ளைத் துண்டைப் போட்டு முடிக்கிறோம். அதனால் நான் இரண்டாகத் தைக்கிறேன். உள்ளே முன்பக்கம் திறக்கும் சாதாரண வெள்ளைப் பருத்திச் சட்டை. எண்ணெயும் தண்ணீரும் அதோடு போகட்டும். சேலையில் தைத்ததை, வெண்ணாடை அணிவிக்கும் நேரத்தில் மேலே போடலாம். முதுகு முழுவதும் திறந்து நாடாவால் கட்டுவதால் ஒரு நிமிடம்கூட ஆகாது. அடுத்தடுத்த பிள்ளைகள் பருமனில் வேறுபட்டாலும் நாடா சரிசெய்துகொள்ளும். தையல் ஓரங்களில் ஒரு அங்குலம் கூடுதலாக விட்டு, வெட்டுமுனை உள்ளே மறையும்படி இரட்டையாகத் தைத்தால் பிரிந்தும் வராது, பிள்ளையை உறுத்தவும் மாட்டாது.

எவ்வளவு கவனமாக வைத்தாலும் துணிக்கு ஆயுள் உண்டு. விக்ரோறியா மகாராணியின் மூத்த மகளுக்காக 1841இல் ஹோனிற்றன் லேஸ் வைத்துத் தைத்த சட்டையை, பிரித்தானிய அரச குடும்பம் அறுபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு அணிவித்தது. 2004உடன் அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். 2008 முதல் பாவிப்பது அதேபோலத் தைத்த பிரதி. புதுத் துணிக்குப் பழைய நிறம் வர, தேயிலைச் சாயத்தில் தோய்த்தார்களாம். அரண்மனைக்கே அந்த நிலை என்றால், எங்கள் அலுமாரிக்குள் இருப்பதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

பொலித்தீன் பையில் போட்டால் ஈரம் உள்ளே தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். கழுவிய, கஞ்சி போடாத பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். கஞ்சியைத் தேடிப் பூச்சி வரும். சில மாதத்துக்கு ஒருமுறை எடுத்து வேறு இடத்தில் மடியுங்கள். றப்பர் வளையம் போடாதீர்கள், சரிகை கறுத்துவிடும்.

துண்டுகள் மிஞ்சினால் செபமாலைப் பை, வேதாகம உறை, கைலேஞ்சி என்று தைக்கலாம். சகோதரங்கள் நாலு நாட்டில் இருக்கும் வீடுகளில் சட்டையைவிட இவைதான் சண்டையைத் தீர்க்கும். பிறந்து சில மணி நேரமே உயிரோடிருந்த பிள்ளைக்கென்று ஒருமுறை ஒரு தாயின் சேலையிலிருந்து ஒரு சாண் அளவில் சட்டை தைத்துக் கொடுத்தேன். மேலைநாடுகளில் தானமாகக் கிடைக்கும் கல்யாணக் கவுண்களில் இத்தகைய சட்டைகளைத் தைத்து வைத்தியசாலைகளுக்குக் கொடுக்கும் குழுக்கள் உண்டு. நான் அதற்குக் காசு வாங்கவில்லை, அளவும் கேட்கவில்லை.

தம்பியின் மகளுக்கான சட்டை முடிந்துவிட்டது. உள்விளிம்பில் வெள்ளை நூலால் அம்மா அப்பாவின் பெயரையும் 1978ஐயும், அடுத்த வரியில் பிள்ளையின் பெயரையும் தைத்து, கீழே இன்னும் ஆறு பெயருக்கு இடம் விட்டேன். மச்சாள் வீடியோவில் பார்த்துவிட்டு, அந்தக் கறை எங்கே என்று கேட்டார். அது வெட்டாத பகுதியில் இருக்கிறது என்றேன். மிச்சம் நாலரை மீற்றரையும் வேட்டியில் சுற்றி அலுமாரியின் மேல்தட்டில் வைக்கும்போது அம்மா பக்கத்தில் நின்றார். "எங்கை, ஒருக்கால் அளந்து காட்டு பாப்பம்" என்றார். அளந்து காட்டினேன்.