கல் சாலையில் வெற்றி யாருடையது?

ஏப்ரல் மாதம் பிறந்துவிட்டால் பெல்ஜியத்திலும் வடக்குப் பிரான்சிலும் சைக்கிள் பந்தய ரசிகர்களின் பேச்சு இரண்டு கேள்விகளைச் சுற்றியே நடக்கும். இப்போது ஃபார்மில் இருப்பவர் யார்? எந்த அணியின் கை ஓங்கியிருக்கிறது? வழக்கமாக ஒரு ஞாயிறு ஃப்ளாண்டர்ஸ் சுற்று, அடுத்த ஞாயிறு பாரிஸ்–ரூபே. இரண்டிலும் கருங்கல் பாவிய பழைய கிராமச் சாலைகள்தாம் வீரர்களைச் சோதிப்பவை. சென்ற வாரம் எந்த ஏற்றத்தில் யார் திணறினார், எந்த அணியில் எத்தனை பேர் கடைசிவரை தாக்குப்பிடிப்பார்கள் என்று காப்பிக் கடைகளிலும் மதுக்கூடங்களிலும் ஓயாமல் வாதம் நடக்கும்.

மேலோட்டமாகப் பார்த்தால் இவை வெறும் கணிப்புகள். ஆனால் இப்பந்தயங்களின் வரலாற்றைப் படித்துக்கொண்டே போகும்போது, இவ்விரண்டு கேள்விகளுக்கும் அடியில் மூன்றாவது கேள்வி ஒன்று கிடப்பது தெரிகிறது. பலர் சேர்ந்து பாடுபட்ட ஒரு நாளின் முடிவில் ஒருவர் மட்டும் கையை உயர்த்துகிறார். அந்த வெற்றி யாருடையது?

பாரிஸ்–ரூபே 1896இல் தொடங்கியது. ரூபே ஒரு நெசவாலை நகரம். அங்குள்ள ஆலை அதிபர்களான தியோடர் வியென், மோரிஸ் பெரேஸ் ஆகிய இருவரும் ஒரு சைக்கிள் பந்தய அரங்கைக் கட்டினார்கள். அந்த அரங்குக்குக் கூட்டம் சேர்க்கவே பாரிஸிலிருந்து 280 கிலோமீட்டர் பந்தயம் என்ற யோசனை பிறந்தது. முதல் வெற்றியாளர் யோசெஃப் ஃபிஷர் என்ற ஜெர்மானியர். அன்று கற்சாலை ஒரு விசேஷமல்ல. சாலை என்றாலே கல் பாவியதுதான். முதல் உலகப் போர் அந்த நிலத்தையே உழுது போட்டது. 1913இல் வென்ற ஃபிரான்சுவா ஃபாபர் 1915இல் போர்முனையில் மாண்டார். 1909 முதல் மூன்றாண்டுகள் தொடர்ந்து வென்ற ஒக்தாவ் லாப்பீஸ் 1917இல் போர்விமானியாக வீழ்ந்தார். 1919இல் பந்தயப் பாதையைப் பார்வையிடச் சென்றவர்கள் கண்டது குண்டுக்குழிகளையும் கரிந்த மரங்களையும்தான். 'வடக்கின் நரகம்' என்ற பெயர் அப்போது வந்தது. இன்று கற்களின் கொடுமையைக் குறிக்க அதைச் சொல்கிறோம். முதலில் அது போர் விட்டுச்சென்ற பாழைக் குறித்த சொல்.

யாருடைய வெற்றி என்ற கேள்வி 1949இல் நேரடியாகவே எழுந்தது. முன்னணியில் வந்த ஆந்த்ரே மாஹே, அரங்கின் வாசலில் தவறான வழியில் திருப்பிவிடப்பட்டு, வேறொரு வாயில் வழியாக நுழைந்து முதலாவதாக முடித்தார். பின்னால் வந்த கூட்டத்தில் முந்தியவர் புகழ்பெற்ற ஃபௌஸ்தோ கோப்பியின் தம்பி செர்சே கோப்பி. முறைப்படி முழுப் பாதையையும் கடந்தவர் தாமே என்பது செர்சே தரப்பின் வாதம். பல மாதச் சர்ச்சைக்குப் பிறகு இருவருமே வெற்றியாளர்கள் என்று தீர்ப்பானது.

கல் எப்படி ஒருவரின் திறனையும் அணியின் திட்டத்தையும் ஒருசேரச் சோதிக்கிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும். ஆண்கள் பந்தயம் ஏறத்தாழ 260 கிலோமீட்டர். அதில் 50 கிலோமீட்டருக்கு மேல் கல். முப்பது துண்டுகள் வரை. ஒவ்வொரு துண்டும் குறுகலானது. முன்னால் ஒருவர் விழுந்தால் பின்னால் வருபவர்களுக்கு வழியில்லை. எனவே உண்மையான சண்டை கல் தொடங்குவதற்கு முந்தைய தார்ச்சாலையிலேயே நடக்கிறது. தலைவரை முன்வரிசையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது துணைவீரர்களின் வேலை. அவர்கள் காற்றைத் தாங்கள் வாங்கிக்கொண்டு அவரை மறைவில் அழைத்துச் செல்வார்கள். அவருடைய டயர் பஞ்சரானால் தம் சக்கரத்தையே கழற்றிக் கொடுப்பவரும் உண்டு. இறுதிக் கட்டத்தில் முன்னணிக் குழுவில் ஓர் அணிக்கு இருவர் இருந்தால் அது பெரும் பலம். ஒருவர் பாய்ந்து ஓடுவார். மற்றவர் துரத்தும் வேலையில் பங்கெடுக்காமல் எதிரிகளின் முதுகுக்குப் பின்னால் இளைப்பாறுவார்.

இக்கணக்கு முழுமையாகப் பலித்த ஆண்டு 1996. மாப்பே அணியின் யோஹான் முசேவ், ஜான்லூகா போர்தோலாமி, ஆந்த்ரேயா டாஃபி மூவரும் எல்லோரையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு வந்தார்கள். அரங்கு நெருங்கியது. எதிரி யாருமில்லை. இனி யார் வெல்வது? அணி மேலாளர் பாட்ரிக் லெஃபெவர், மிலானில் இருந்த நிறுவன உரிமையாளர் ஜோர்ஜியோ ஸ்குவின்சியைத் தொலைபேசியில் கேட்டார். முசேவ் வெல்லட்டும் என்று பதில் வந்தது. நடுவே முசேவின் டயர் பஞ்சரானபோதும் மற்ற இருவரும் காத்திருந்தார்கள். மூவரும் சொல்லிவைத்த வரிசையிலேயே கோட்டைக் கடந்தார்கள்.

அந்த நாளைப் பற்றி ரசிகர்கள் இன்றும் ஒத்துப்போவதில்லை. கட்டுப்பாட்டின் உச்சம் என்பர் ஒரு சாரார். பந்தயத்தைத் தொலைபேசியில் முடித்துவிட்டார்கள் என்பர் மறுசாரார். என் மனம் போர்தோலாமியிடமே போகிறது. டாஃபி 1999இல் ரூபேயில் வென்றுவிட்டார். போர்தோலாமி 2001இல் ஃப்ளாண்டர்ஸ் சுற்றை வென்றார். ரூபே மட்டும் கிட்டவேயில்லை. ஆயிரம் யானைகளை வென்றவனுக்குப் பரணி பாடுவது நம் மரபு. களத்தில் அவனோடு நின்றவர்களுக்குத் தனிப் பாட்டில்லை.

டாம் போனன் இரு பக்கங்களையும் அனுபவித்தவர். 2005, 2008, 2009, 2012 என நான்கு முறை வென்று ரோஜர் டி விளாமிங்கின் சாதனையைச் சமன்செய்தவர். 2014இல் ஐந்தாவது வெற்றியைத் தேடி வந்தார். இறுதிக் குழுவில் அவர் அணியைச் சேர்ந்தவர்கள் மூவர். முடிவுக்கு ஆறு கிலோமீட்டர் இருக்கையில் அவர்களுள் ஒருவரான நிக்கி டெர்ப்ஸ்ட்ரா பாய்ந்தார். சக வீரரைத் துரத்துவது முறையல்ல, போனன் அடங்கியிருந்தார். டெர்ப்ஸ்ட்ரா வென்றார்.

2016இல் கல் எல்லாக் கணிப்புகளையும் புரட்டிப்போட்டது. ஆஸ்திரேலியரான மேத்யூ ஹேமனுக்கு அப்போது வயது 37. பிப்ரவரி இறுதியில் கை முறிந்து, வீட்டுக்குள் நிலையாகப் பொருத்திய சைக்கிளில் பயிற்சி செய்துவிட்டு வந்தவர். ஃபார்ம் பற்றிய எந்தப் பட்டியலிலும் அவர் பெயரை எதிர்பார்த்திருக்க முடியாது. வாழ்நாளின் பெரும்பகுதியைப் பிறருக்காக உழைத்துக் கழித்த துணைவீரர் அவர். அன்று முன்கூட்டியே பிரிந்த குழுவில் இடம்பிடித்து, அரங்கில் போனனையே முந்தினார். நம்ப முடியாமல் நின்ற அந்த முகம் ரசிகர்களின் நினைவில் நிற்கிறது.

பெண்களுக்கான பந்தயம் 2021 அக்டோபர் 2 அன்றுதான் முதன்முதலாக நடந்தது; ஆண்கள் ஓடத் தொடங்கி 125 ஆண்டுகள் கழித்து. லிஸ்ஸி டெய்க்னன் அன்று தலைவராக வரவில்லை. தன் அணியின் தலைவியருக்காக முன்னே இருக்க வேண்டும் என்பதே திட்டம். முதல் கல்துண்டிலேயே இடைவெளி விழுந்தது. அவர் திரும்பிப் பார்க்காமல் 80 கிலோமீட்டருக்கு மேல் தனியாக ஓட்டினார். முடிவில் கைப்பிடியில் இரத்தம் படிந்திருந்தது. அவருக்குக் கிடைத்த பரிசு 1,535 யூரோ. மறுநாள் ஆண்கள் பந்தயத்தில் வென்றவருக்கோ 30,000 யூரோ. யாருடைய உழைப்புக்கு என்ன மதிப்பு என்ற கேள்வியை அந்த இரு எண்களும் வேறொரு கோணத்திலிருந்து கேட்டன.

கற்களுக்கும் உழைப்பின் வரலாறு உண்டு. 1960களில் ஊர்த்தலைவர்கள் பழைய சாலைகளுக்குத் தார் பூசத் தொடங்கினார்கள். தொலைக்காட்சியில் தம் ஊர் பிற்பட்டதாகத் தெரிவது அவர்களுக்கு வெட்கமாக இருந்தது. பந்தயம் கல்லின்றிப் போகும் நிலையில், 1968இல் அரன்பெர்க் காட்டுப் பாதை சேர்க்கப்பட்டது. அதைச் சுட்டிக்காட்டியவர் ஜான் ஸ்தாப்லின்ஸ்கி. 1962இன் உலகச் சாம்பியன். அதற்கும் முன்னால், அந்தப் பாதைக்கு அடியிலேயே இருந்த நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைசெய்தவர். பின்னர் ரசிகர்களே 'பாரிஸ்–ரூபே நண்பர்கள்' என்ற அமைப்பாகக் கூடினார்கள். பெயர்ந்த கற்களைத் தோண்டியெடுத்து மீண்டும் பதிக்கிறார்கள். ஃபார்மையும் வியூகத்தையும் பற்றி வாதிடுபவர்கள், அந்த வாதம் நடக்க வேண்டிய தரையையும் தாங்களே காக்கிறார்கள்.

ரூபே அரங்கை ஒட்டிப் பழைய குளியலறை ஒன்று இருக்கிறது. கான்கிரீட் தடுப்புகளால் பிரித்த சிறு சிறு அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு வெற்றியாளரின் பெயர் பொறித்த பித்தளைத் தகடு. அணிகளுக்குப் பெரிய பேருந்துகள் வந்த பிறகு அங்கே செல்பவர்கள் குறைந்துவிட்டார்கள். ஆனாலும் பந்தயம் முடிந்த மாலையில், புழுதியும் சேறும் அப்பிய துணைவீரர் சிலர் இன்னும் அங்கே குளிக்கிறார்கள். அவர்களுடைய பெயரில் தகடு இல்லை. வேறொருவர் பெயருக்குக் கீழே நின்று, அவர்கள் தங்கள் உடம்பிலிருந்து அந்த நாளைக் கழுவிக்கொண்டிருக்கிறார்கள்.