பரணுக்குப் போன லக்ஷ்மி

உளுந்தூர்பேட்டையில் நண்பர் ஒருவருடைய பூர்வீக வீட்டுக்குப் போயிருந்தேன். வெள்ளையடித்த கூடத்தில் ஒரு படம்கூட இல்லை.

"தாத்தா காலத்தில் சுவரே தெரியாது, ஸார்! அத்தனையும் சாமி படம். கண்றாவி! எல்லாவற்றையும் பரணில் போட்டுவிட்டேன்" என்றார்.

நண்பர் மட்டுமா? ஆனந்த குமாரசாமி போன்ற கலை விமர்சகர்களும் ரவிவர்மாவின் படங்களை நாடகத்தனமானவை என்று ஒதுக்கியவர்களே. ஆனால் சரித்திரம் வேறு கதை சொல்கிறது.

அரண்மனைகளுக்குப் படம் தீட்டிய ரவிவர்மா, 1894-ல் பம்பாயில் அச்சுக்கூடம் தொடங்கினார். லக்ஷ்மியும் சரஸ்வதியும் காகிதத்தில் ஏறி, எளியவர் வாங்கக்கூடிய விலைக்கு ஊர் ஊராகப் புறப்பட்டார்கள். மதுரை மீனாட்சி கோயிலில் ஒடுக்கப்பட்டவர்கள் நுழைய 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் படத்து லக்ஷ்மியோ யாரிடமும் ஜாதி கேட்கவில்லை. ஓர் ஆணி கிடைத்தால் குடிசைச் சுவரிலும் குடியேறினாள். அழகு குறைவுதான் என்றாலும், அவள் செய்த உபகாரம் குறைவா?

இதைச் சொன்னதும் நண்பர் பேசாமல் எழுந்துபோய் ஏணியைக் கொண்டுவந்தார். பரணிலிருந்து லக்ஷ்மி இறங்கினாள். தாமரையையும் பாதங்களையும் கரையான் தின்றிருந்தது. முகம் மட்டும் மிச்சம்.